மைக் மேடத்தின் உதடுகள்

ஓய்வு பெற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை, மைக் மேடத்துக்கு அந்த அழைப்பு வந்துவிட்டது. மைக் என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். கல்லூரி அரங்கின் கடைசி வரிசையில் குனிந்துகொண்டு பிஸ்கட் தின்கிறவனை, மேடையில் நின்றபடியே அவள் ஓர் அதட்டல் போட்டால் பிஸ்கட் தானாகக் கீழே விழும். அப்பேர்ப்பட்ட தொண்டை.

"மேடம், நான்தான் நாற்காலி பேசுறேன்."

நாற்காலியும் பட்டப்பெயர்தான். இன்றைக்கு அவன் அந்த நகரத்திலேயே பெரிய நாடக இயக்குநர்; பத்திரிகையில் அரைப்பக்கத்துக்குப் படம் வருகிற ஆள். இருபது வருஷத்துக்கு முன்னால் மேடத்தின் வகுப்பில் சேர்ந்தபோது மேடையேறினால் வாயில் ஒரு வார்த்தை வராது. போனால் போகிறதென்று, காட்சிக்குக் காட்சி நாற்காலிகளை மாற்றி வைக்கிற வேலையைக் கொடுத்தாள். பயல் இருட்டில் சத்தமே இல்லாமல் அதைச் செய்த நேர்த்தியைப் பார்த்துவிட்டு, இவன் நடிக்கப் பிறந்தவன் இல்லை, நடிக்க வைக்கப் பிறந்தவன் என்று கண்டுபிடித்து இயக்கத்தின் பக்கம் தள்ளிவிட்டதும் அவள்தான்.

"சொல்லுடா."

"புது நாடகம் ஒண்ணு பண்றேன் மேடம். அம்மா வேஷம். கதையே அந்தம்மா மேலதான் நிக்குது. நீங்க நடிக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள். எதிரே கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர். அடுத்தவர் வாயைப் பார்த்தே காலம் தள்ளிய மனிதர்.

"யோசிக்க என்ன இருக்கு? சரின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உடனே சொன்னா, இதுக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிடும்."

"காத்துக்கிட்டுத்தானேம்மா இருந்தே?"

பத்தே நிமிஷம்தான் தாக்குப்பிடித்தாள். பிறகு அவளே கூப்பிட்டுச் சரி சொன்னாள்.

காத்திருந்தாள் என்பதில் பொய் இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் ஊர் ஊராகப் போகிற குழுவில் நடித்தவள். மகாராணியாக, திருடியாக, கோள்மூட்டுகிற அத்தையாக, ஆள் வராத ஒருநாள் பத்து வயதுப் பையனாகக்கூட. பிறகு மகள் பிறந்தாள். கல்லூரியில் ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வருஷம் இருபத்தொன்பதாக நீண்டது. முப்பத்து மூன்று நாடகங்களை இயக்கினாள். அவளிடம் படித்தவர்கள் சினிமாவில் இருக்கிறார்கள், வானொலியில் இருக்கிறார்கள், கோர்ட்டில் வாதாடுகிறார்கள். ஒருத்தன் ஏலக்கடையில் விலை கூவுகிறான்; அவன்தான் உச்சரிப்பில் முதல் மதிப்பெண். பிரிவுபசார விழாவில் கல்லூரி முதல்வர் இதையெல்லாம் வாய் வலிக்கப் புகழ்ந்துவிட்டுக் கடைசியில், "மேடம் ஒரு காலத்தில் நடிக்கவும் செய்திருக்கிறாராம்" என்றார். யாரோ சொல்லக் கேள்விப்பட்ட மாதிரி! மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நின்றவளுக்கு உள்ளே எரிந்தது.

ஆக, ஒத்திகை தொடங்கிய நாளில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றது அவள்தான். பழைய அச்சகம் ஒன்றின் மாடிதான் ஒத்திகைக் கூடம். கதவு எங்கே, கட்டில் எங்கே, தையல் மெஷின் எங்கே என்று தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். நாடகத்தில் அவள் ஒரு தையல்காரி. உள்ளறையில் சீக்காளிக் கணவன். இரண்டாவது காட்சியில் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். கடைசிக் காட்சியில் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். அதற்குள் அப்பா செத்துப்போயிருக்கிறார். இரண்டு தடவையும் மகன் அதே பெட்டியோடு அதே வாசலில் நிற்க, இரண்டு தடவையும் அம்மா ஒரே வசனத்தைத்தான் சொல்கிறாள்: "பெட்டியைக் கீழே வை." போகிறவனிடம் ஒரு மாதிரி, வந்தவனிடம் ஒரு மாதிரி. எழுதியவருக்கு அதில் தனிப் பெருமை.

மகனாக நடித்தவன் டி.வி.யில் தினமும் வருகிறவன். சீரியல் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். டிக்கெட் விற்க வேண்டுமே என்று நாற்காலி பிடித்துவந்த ஆள். தங்கமான பையன், தலைக்கனம் கிடையாது. ஆனால் மேடைக்குப் புதிது.

முதல் வாரம் கையில் புத்தகத்தோடு எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் புத்தகத்தைக் கீழே வைத்தார்கள். ஐந்தாவது நிமிஷத்திலேயே சீரியல் தடுமாறி நின்றான்.

"சாரி சார். மேடம் உதட்டைப் பாத்ததும் எனக்குக் குழம்பிடுது."

"உதட்டுக்கு என்னடா?" என்றாள் மேடம்.

"நான் பேசுறதுக்கு முன்னாடியே என் வசனத்தை நீங்க பேசிடுறீங்க மேடம். சத்தமில்லாம."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அவளுக்கு அதுவரை தெரியவே தெரியாது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற தாய் தன்னையறியாமல் தன் வாயையும் திறப்பாள் இல்லையா, அது மாதிரி இருபத்தொன்பது வருஷமாக இருட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மேடையில் நிற்கிற ஒவ்வொரு பிள்ளையின் வசனத்துக்கும் அவள் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அங்கே யார் பார்த்தார்கள்? இப்போது வெளிச்சத்தில் நின்றதும் குட்டு உடைந்துவிட்டது.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆகவில்லை. நாற்காலி ஒரு வழி கண்டுபிடித்தான். மேடத்துக்கு ஏதாவது ஆனால் அந்த வேஷத்தில் ஏறுவதற்கென்று ஒருத்தியைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தான். மாற்று என்று அவளுக்குப் பெயர். அவளும் மேடத்திடம் படித்தவள்தான். முக்கிய வேஷம் ஒன்றுக்காகப் பன்னிரண்டு வருஷமாகத் தவம் கிடக்கிறவள். அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தான்.

"மத்தவங்க பேசும்போது மேடம் உதடு அசைஞ்சா ஒரு கோடு போடு. பாவம் புண்ணியம் பாக்காதே."

"என்னைப் போய் இதுக்குப் போடுறீங்களேண்ணா. எனக்கு அந்த வேஷம் வேணும்னு ஊருக்கே தெரியும்."

"அதனாலதான். உன்னைவிடக் கறாரா யாரு எண்ணுவா?"

முதல் நாள் நாற்பத்தொன்று. மறுநாள் முப்பத்தெட்டு. மாற்று ஒன்றைக்கூடக் கூட்டிப் போடவில்லை, ஒன்றைக்கூட விடவும் இல்லை. தாளை நீட்டும்போது மட்டும் மேடத்தின் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

வீட்டில் பல் டாக்டர் வைத்தியம் சொன்னார். "நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னாடி அழுத்தி வச்சுக்கோ. உதடு தன்னால நின்னுடும். வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

நிஜமாகவே நின்றது. அன்றைக்கு ஆறே ஆறு கோடுதான். மேடம் தலையை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"உதடு நின்னுடுச்சு மேடம். கூடவே முகமும் நின்னுடுச்சு. மகன் வீட்டைவிட்டுப் போறான், நீங்க பல் புடுங்க உக்காந்த மாதிரி இருக்கீங்க."

அதற்கப்புறம் நாக்கை விட்டால் உதடு ஆடும், உதட்டைப் பிடித்தால் முகம் செத்துப்போகும் என்று இரண்டு வாரம் ஓடியது. அரங்கேற்றம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் முப்பத்தாறு கோடு விழுந்தது. எல்லாரும் கீழே இறங்கிப்போன பிறகு, நாற்காலி மாடிப்படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், சனிக்கிழமை உங்களுது. நீங்க நடிக்கிறீங்கன்னுதான் பாதிப் பேர் டிக்கெட் வாங்கியிருக்காங்க. ஆனா அன்னைக்கும் பத்துக் கோட்டுக்கு மேல போச்சுன்னா, ஞாயித்துக்கிழமையிலிருந்து மாற்று நடிக்கட்டும். உதட்டுக்குப் பயந்து முகத்தை இறுக்கினீங்கன்னாலும் அதேதான்."

"என்கிட்டயே சொல்ற அளவுக்கு உனக்கு வாய் வந்துடுச்சு, என்ன?"

"மேடைன்னு வந்துட்டா பெத்த தாயா இருந்தாலும் முகம் பாக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு, சபாஷ்டா என்று சொல்லலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து போய், முகம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதாள். அவமானம் பாதி, பயம் பாதி. இதுவும் கைநழுவிப் போனால் இனி யார் கூப்பிடப்போகிறார்கள்? அறுபது வயசுக்காரியை ஒரு தடவை கூப்பிட்டதே பெரிய விஷயம்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்து வழிந்தது. பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் பல் டாக்டர், புதுச்சட்டையில். ஐந்தாவது வரிசை ஓரத்தில் மாற்று, மடியில் தாளும் பேனாவும். திரை இடுக்கு வழியாக அந்தப் பேனாவைப் பார்த்ததும் மேடம் திரையை இழுத்து மூடினாள்.

முதல் காட்சி பழுதில்லாமல் ஓடியது. பழுதில்லாமல் என்றால், மூன்று தடவை உதடு அசைந்ததை அவளே உணர்ந்தாள். மூன்று. இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது.

இரண்டாவது காட்சி. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சீரியல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு கைத்தட்டல். பையன் அதில் கொஞ்சம் கிறங்கிப்போனான் போலிருக்கிறது.

"பெட்டியைக் கீழே வை" என்றாள் மேடம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று அவன் சொல்ல வேண்டும். அவன் சுற்றிலும் பார்த்தான். கண் கலங்கியது. சொன்னான்:

"எங்கம்மா வைக்கிறது? வீடே வெறிச்சோடிக் கிடக்கு. அப்பா எப்பம்மா போனாரு?"

அட பாவி! அது கடைசிக் காட்சி வசனம். காட்சிகளை முன்னும் பின்னுமாக எடுத்துத் தள்ளுகிற படப்பிடிப்பில் பழகினவன், ஒரே வாசல், ஒரே பெட்டி, ஒரே வசனம் என்றதும் நாடகத்தின் முக்கால்வாசியை ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டான். இப்படியே போனால் இன்னும் கால் மணி நேரத்தில் திரை விழுந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை; செத்துப்போன அப்பா இன்னும் நாலு நிமிஷத்தில் இருமிக்கொண்டே உள்ளேயிருந்து நடந்து வர வேண்டும். அப்பாவாக நடிக்கிற பெரியவர் கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி சிலையாக நின்றார். தான் இருக்கிறோமா போய்விட்டோமா என்று அவருக்கே தெரியவில்லை.

சொல்லி முடித்த அடுத்த நொடி சீரியலுக்கும் உறைத்தது. 'கட்' என்று யாராவது சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் அவன் கண் அங்கேயும் இங்கேயும் அலைந்தது. சொல்ல ஆள் இல்லை. பக்கத்திலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. மறந்தவனை மேடையில் நிற்கிறவர்களே காப்பாற்ற வேண்டும், மறைவிலிருந்து ஒருத்தரும் முணுமுணுக்கக் கூடாது என்பது மேடம் போட்ட சட்டம். நாற்காலி அதை இன்றுவரை மாற்றவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வாய் கிழியச் சொன்னவள், இப்போது தானே அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லார் வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டினாள். ஒன்றும் இங்கே ஒட்டவில்லை. புரட்டுவதை நிறுத்தினாள். வேறு வழியில்லாமல் எதிரே நின்றவனின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வாரத்தில் அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வசமாக மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையின் முகம் அது. மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எப்பப் போனாருன்னா கேக்குறே?" குரல் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் போனது. "உங்கப்பா உள்ளதான்டா படுத்திருக்காரு. மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

அவன் என்ன சொல்வான்? அவளுக்குத் தெரியாது. எழுதியவருக்கும் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியலம்மா" என்றான் அவன். நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னான்.

"என்ன தெரியல? உயிரோட இருக்கிற மனுஷன எப்பப் போனாருன்னு கேக்க உனக்கு எப்படிடா வாய் வந்துச்சு?"

அவன் பெட்டியை இறுக்கிப் பிடித்தான். மேடம் அவசரப்படுத்தவில்லை.

"அவரு இல்லன்னு நெனச்சாத்தான் என்னால இந்த வாசலைத் தாண்ட முடியும்மா."

எங்கிருந்து பிடித்தானோ தெரியாது. அவளுக்கு நெஞ்சில் ஓங்கிக் குத்தின மாதிரி இருந்தது. நடிப்பதா நடிக்காமல் இருப்பதா என்றெல்லாம் யோசிக்க அங்கே இடமே இல்லை. எழுந்தாள்.

"அப்ப என்னையும் சேத்துக் கொன்னுட்டுப் போ. ஒருத்தியை மட்டும் எதுக்கு மிச்சம் வைக்கிறே?"

அவன் உடைந்து அழுதான். டி.வி.யில் அவன் அழாத நாள் கிடையாது. இது அந்த அழுகை இல்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை. அந்த நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் பெரியவர் தன் பங்குக்கு ஒரு தடவை இருமினார். மகராசன்! ஒரே ஓர் இருமல்தான். நானூறு தலையும் சட்டென்று அந்தக் கதவுப் பக்கம் திரும்பின. மகன் திரும்பினான். அம்மாவும் திரும்பினாள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெஞ்சலும் இல்லாமல் அதட்டலும் இல்லாமல் சொன்னாள்:

"பெட்டியைக் கீழே வை."

"பஸ்ஸுக்கு... பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

வண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. பெரியவர் இருமிக்கொண்டே, உயிரோடு, கம்பீரமாக நடந்து வந்தார். அதற்குப் பிறகு அந்த நாடகம் எப்படிப் போனது என்று கேட்டால் மேடத்துக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஒவ்வொருத்தரும் பேசப் பேசக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அடுத்து என்ன வரும் என்பது நினைவிலேயே இல்லை; வந்தபோது வந்தது. கடைசிக் காட்சியில் மகன் அதே கேள்வியைக் கேட்டபோது கூட்டத்தில் பலபேர் வாய்விட்டு விம்மினார்கள். முன்பு ஒருமுறை அவன் அதைக் கேட்டுவிட்டுப் போனானே, அது அவர்கள் மனதில் முள்ளாகக் கிடந்திருக்கிறது.

திரை விழுந்ததும் எழுந்த கைத்தட்டல் லேசில் அடங்கவில்லை. ஆறு தடவை திரையைத் தூக்கினார்கள். பல் டாக்டர் இருக்கை மேலேயே ஏறி நின்று விசில் அடித்தார். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியும், அவருக்கு விசில் அடிக்க வரும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சீரியல் அத்தனை பேர் முன்னாலும் அவள் காலில் விழப்போனான். அவள் அவன் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். அதற்கும் ஒரு கைத்தட்டல் விழுந்தது.

உடை மாற்றுகிற அறைக்கு நாற்காலி ஓட்டமாக ஓடிவந்தான்.

"அந்த இடம் அப்படியே நாடகத்துல இருக்கட்டும் மேடம். எழுதினவரு கீழே உக்காந்து அழுதுக்கிட்டே எழுதிக்கிட்டு இருக்காரு."

"அதை விடுடா. எத்தனை கோடு?"

"தெரியாது. அவ வரட்டும்."

மாற்று வந்தாள். கண்மை கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது. கையிலிருந்த தாளை நீட்டினாள். இந்தத் தடவை மேடத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள். தாளில் மூன்றே மூன்று கோடுகள்.

"மூணா?" என்றான் நாற்காலி. "மொத்தமே மூணுதானா?"

"மூணு வரைக்கும்தான் போட்டேன். அப்புறம் எண்ணல."

"எண்ணலையா? அதுக்குன்னுதானே உன்னை அங்க உக்கார வச்சேன்! பத்தைத் தாண்டினா வேஷம் உனக்குத்தானே, அது ஞாபகம் இருக்கா இல்லையா?"

"எல்லாம் ஞாபகம் இருந்துச்சுண்ணா, முதல் காட்சி வரைக்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் மேடத்தோட உதட்டை நான் எங்க பாத்தேன்? அந்தப் பையன் பெட்டியைக் கீழே வைப்பானா மாட்டானான்னு பெட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். பேனா எங்க விழுந்துச்சுன்னுகூடத் தெரியல."

மேடம் மாற்றை இழுத்துத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மேடம் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குடா வரணும்?"